ஒகேனக்கல் என்று தேடியவர்கள்

ஒகேனக்கல் என்ற சொல்லை இணையத் தேடுபொறியில் இடுகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். பெங்களூரிலிருந்து சனிக்கிழமை புறப்பட்டு, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, பரிசலேறி, கரையில் வறுத்த மீன் தின்று திரும்ப நினைப்பவர் 'ஒகேனக்கல் விடுதி' என்று இடுவார். மேட்டூர் அணைக்குக் கீழே நாற்றுவிட நாள் பார்த்திருக்கும் டெல்டா விவசாயிக்கு விடுதி எதற்கு? அவர் இடுவது 'ஒகேனக்கல் நீர்வரத்து'. பென்னாகரத்துப் பக்கத்துத் தாய் ஒருத்தி, பிள்ளையின் பல்லில் படிந்த பழுப்பைக் கண்டு கலங்கி, 'ஒகேனக்கல் குடிநீர் ஃபுளோரைடு' என்று இடக்கூடும். நிலவியல் மாணவன் அங்குள்ள கார்பனடைட் பாறைகளைத் தேடுவான். ஊர் ஒன்றுதான். அதன்பின் வந்து ஒட்டும் இரண்டாவது சொல்லிலேயே கேட்பவரின் தொழிலும் கவலையும் வசிப்பிடமும் ஏறக்குறைய விளங்கிவிடுகின்றன.

அந்த இரண்டாவது சொல் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றித்தான் கடந்த கால் நூற்றாண்டாகத் தேடுபொறிகளும் அவற்றின் எதிரிகளும் வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கில் தமிழ்நாட்டுக்கும் தமிழருக்கும் உள்ள பங்கு சிறிதன்று.

இது வெறும் சுற்றுலாச் செய்தி அன்று என்பதற்கு 2008ஆம் ஆண்டே போதும். அவ்வாண்டு பிப்ரவரி 26 அன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் அது. அடுத்த சில வாரங்களில் இரு மாநிலங்களிலும் கொந்தளிப்பு. ஏப்ரலில் தமிழ்த் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தனர்; கர்நாடகத்தில் தமிழ்ப்படங்கள் நிறுத்தப்பட்டன. அந்நாள்களில் பெங்களூரில் குடியிருந்த தமிழர் ஒருவர் தம் அலுவலகக் கணிப்பொறியில் 'ஒகேனக்கல்' என்று தமிழில் இடுவது பயணத் திட்டமாகவே இருந்தாலும் வேறொன்றாக வாசிக்கப்படக்கூடியதாயிற்று. அப்படி எவரும் வாசித்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் 2016 செப்டம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் அதே நகரில் எரிக்கப்பட்டன. ஒரு பலகையில் எழுதிய ஈரெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கப் போதுமானதாக இருந்த இடத்தில், தேடல் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்படுவது மிகையாகாது.

இத்தனைக்கும் முதலில் நம்முடைய குறை நேர்மாறானது. யாரும் நம்மைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே அது. 1990களின் பிற்பகுதியில் ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தது. ரோமன் எழுத்துகளுக்கான குறியிடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றியிருந்தார்கள். அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகளின் கண்ணுக்கு அப்பக்கங்கள் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. உலகத் தமிழரின் மின்னஞ்சல் குழுக்களில் திஸ்கி வழங்கியது. ஒகேனக்கல்லின் 'கே' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி இரட்டைக்கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் பதியும். ஒருங்குறியில் ககரம் முதலில் பதிந்து கொம்பு பின்வரும். ஒரே ஊரின் பெயர் கணிப்பொறிக்கு இரண்டு ஊர்களாயிற்று. ஒருங்குறி பரவியபின், ஏறக்குறைய 2003 முதல் 2006க்குள், தமிழ் வலைப்பதிவுகள் ஒன்றையொன்று கண்டடைந்தன. அந்தக் கண்டடைதலின் மகிழ்ச்சியில், கண்டுபிடித்துக் கொடுத்தவர் எதைக் குறித்துக்கொள்கிறார் என்று கேட்க நமக்கு அப்போது தோன்றவில்லை.

போட்டி என்று அப்போது ஒன்று மெய்யாகவே இருந்தது. அல்டாவிஸ்டா 1995 டிசம்பரில் வந்தது. லைகோஸ், எக்சைட், இன்ஃபோசீக் எல்லாம் களத்தில் இருந்தன. இந்தியாவில் ராஜேஷ் ஜெயின் நடத்திய இந்தியாவேர்ல்டு நிறுவனத்திடம் 'கோஜ்' என்ற தேடல் தளம் இருந்தது. 1999 நவம்பரில் அந்நிறுவனத்தைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டபோது நாடே வாயைப் பிளந்தது. பிறகு 2006இல் பெங்களூரிலிருந்து குருஜி என்ற தேடுபொறி இந்திய மொழிகளை நம்பி எழுந்தது, நிலைக்கவில்லை. கூகுள் இவர்களை வென்றதில் சூது ஏதுமில்லை என்றே நாம் கருதுகிறோம். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் இணைப்புத் தருகின்றன என்று எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்தும் அதன் வழி மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக மேலானது. சிக்கல் 2000ஆம் ஆண்டு அக்டோபரில், தேடும் சொல்லுக்கேற்ப விளம்பரம் விற்கத் தொடங்கியபோது பிறந்தது.

அந்த விற்பனையை இந்தியாவில் முதன்முதலாக நீதிமன்றத்தில் அழுத்தமாகக் கேள்வி கேட்டவர்களுள் ஒருவர் சென்னைக்காரர். முருகவேல் ஜானகிராமனின் பாரத்மேட்ரிமோனி நிறுவனம், அன்று கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில், சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. தன் தளத்தின் பெயரை ஒருவர் தேடும்போது போட்டி நிறுவனங்களின் விளம்பரம் பக்கத்தில் வந்து நிற்கிறதே என்பது முறையீடு. பழைய கல்யாணத் தரகரை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் வீட்டு விலாசத்தை வழியில் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு வரும் சம்பந்தியை, அந்த ஆள் காசு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? 2010 செப்டம்பரில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் வழங்கிய விரிவான தீர்ப்பு இடைக்காலத் தடையை மறுத்தது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச்சொற்கள்; அவற்றை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ளல் எளிதன்று. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனினும் 'தமிழ்' எவருக்கும் தனியுரிமை இல்லை என்று தீர்ந்தபின் அச்சொல்லை ஏலம் விட்டுக் காசாக்குபவர் ஒருவரே என்ற உண்மை அப்படியே நின்றது.

நிறுவனம் விடவில்லை. 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் சென்றது. கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியே முறையிட்டிருந்தது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தீர்ப்பில் ஒரு நுணுக்கம் சுவையானது. 2010க்கு முன்பு கூகுள் சிலவகை விடைகளைப் பொருத்தம் பாராது முதலாம், நான்காம், பத்தாம் இடங்களில் முன்கூட்டியே உட்காரவைத்திருந்தது என்று ஆணையம் கண்டது. பந்தியில் யார் எங்கே என்று இலை போடும்போதே தீர்மானமாகியிருந்தது போலும். ஆனால் விளம்பரச் சொல் விற்பனையில் பிழை காணப்படவில்லை.

இவ்வழக்குகளில் எங்கும் தேடுகிறவரின் அந்தரங்கம் பேசப்படவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். மணமகள் தேடும் ஒருவர் இடும் சொற்களில் சாதியும் வயதும் ஊனமும் மறுமணமும் எல்லாம் இருக்கும். இரு நிறுவனங்கள் அச்சொற்களின் வருமானத்துக்காக வாதிட்டன. சொன்னவர் அங்கே கட்சிக்காரரே அல்லர்.

அவரைப் பற்றிய எச்சரிக்கை 2006 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளருக்கு உதவும் நல்லெண்ணத்தில், சுமார் ஆறரை லட்சம் பயனரின் இரண்டு கோடித் தேடல்களைப் பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டு வெளியிட்டது. சில நாள்களுக்குள் செய்தியாளர்கள் ஓர் எண்ணைப் பின்தொடர்ந்து ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினர். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. அதே ஆண்டில் டேனியல் ஹோவும் ஹெலன் நிசன்பாமும் 'டிராக்மீநாட்' என்ற சிறு கருவியை உருவாக்கினர். அது உலாவிக்குள் இருந்துகொண்டு ஏதேதோ பொய்த்தேடல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். மெய்த்தேடல் அக்கூட்டத்தில் மறையும். 2008இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோ வேறு வழியில் சென்றது. தேடியவரைப் பின்தொடர்வதில்லை, அந்தச் சொல்லுக்கு மட்டுமே விளம்பரம். 2013இல் ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானபின் அதை நாடியோர் பெருகினர். 2020 ஜூலைத் தொடக்கத்தில் இந்தியாவில் பல இணைப்புகளில் அத்தளம் சில நாள்கள் திறக்கவில்லை என்பது தனிக்கதை.

நம் சட்டமும் இவ்விடத்தில் வாளாவிருக்கவில்லை. அந்தரங்க உரிமையைப் பற்றிய முக்கியத் தீர்ப்புகளுள் ஒன்று ஒரு தமிழ் வார இதழால் கிடைத்தது: சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இதழ் வென்றது, கூடவே, தனித்திருக்க விடப்படும் உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்பதும் பதிவாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அதை அடிப்படை உரிமையாகவே உறுதிசெய்தது.

இனி ஸ்ரீதர் ராமசாமி. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர், கூகுளில் பதினைந்து ஆண்டுகள் இருந்து அதன் விளம்பரத் துறை முழுவதையும் தலைமையேற்று நடத்தியவர். சொற்களை விற்கும் கடையின் சாவி அவரிடம் இருந்தது. 2018இல் வெளியேறிய அவர், விவேக் ரகுநாதனுடன் சேர்ந்து 2019இல் நீவா என்ற தேடுபொறியை நிறுவினார். விளம்பரமே இல்லை, பின்தொடர்தல் இல்லை, மாதம் 4.95 டாலர் சந்தா. 7.75 கோடி டாலர் முதலீடு திரட்டி 2021 ஜூனில் அமெரிக்காவில் கடை திறந்தது. ஈராண்டு தாங்கவில்லை. 2023 மே மாதம் மூடுவதாக அறிவித்தபோது நிறுவனர்கள் எழுதியதன் சாரம் இது: மக்களைப் பணம் கட்டவைப்பதைவிட, புதிய தேடுபொறி ஒன்றை முயன்று பார்க்கவைப்பதே கடினமாக இருந்தது. கைபேசிக்குள்ளும் உலாவிக்குள்ளும் வாங்கும்போதே ஒரு தேடுபொறி அமர்ந்திருக்கிறது. அதை எழுப்பிவிட்டு இன்னொன்றை அமர்த்தப் பெரும்பாலோர் மெனக்கெடுவதில்லை. அந்த இருக்கைக்காகக் கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் பிறருக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். நீவாவை ஸ்னோஃப்ளேக் வாங்கியது; 2024இல் ராமசாமி அதன் தலைவரானார். தனிமனிதராக அவர் தோற்கவில்லை. அவருடைய வாதத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்குகள் வெளியே வந்தது வாஷிங்டனில், அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் 2023ஆம் ஆண்டு விசாரணையில். அங்கே ராமசாமி அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். அதே அக்டோபரில், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளுக்காகக் கூண்டேறினார். நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று, தேடலில் தன் ஏகபோகத்தைக் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பில் உள்ள ஓர் எண்ணே நமக்கு முக்கியம். கூகுளும் பிங்கும் பெற்ற தனித்தனித் தேடல் தொடர்களை ஒப்பிட்டபோது, 93 விழுக்காடு கூகுள் மட்டுமே கண்டவை. பிங் மட்டுமே கண்டவை 4.8 விழுக்காடு. அதாவது, பலரும் கேட்கும் கேள்விகளை எல்லாத் தேடுபொறிகளும் கண்டிருக்கும். அரிதாகக் கேட்கப்படுபவை ஒருவரிடமே குவிகின்றன. அரிய கேள்விகளிலிருந்தே தேடுபொறி கற்கிறது.

2025 செப்டம்பர் 2 அன்று வந்த பரிகார ஆணை கூகுளை உடைக்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தது. தேடல் தரவுகள் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளருக்கு, அந்தரங்கக் காப்புகளுடன், தரச் சொன்னது. இங்கேதான் இரு நன்மைகள் முட்டிக்கொள்கின்றன. போட்டி வளர வேண்டுமாயின் அந்த அரிய கேள்விகள் பிறர் கைக்குப் போக வேண்டும். அந்தரங்கம் நிலைக்க வேண்டுமாயின் முதலில் நீக்கப்பட வேண்டியவை அதே அரிய கேள்விகள்தாம். ஏனெனில் ஒருவர் மட்டுமே கேட்ட கேள்வி அவருடைய கையொப்பம். ஏஓஎல் மூதாட்டி அகப்பட்டது அப்படித்தான்.

தமிழில் கேட்கப்படும் கேள்வி இவ்விரண்டு வகையிலும் அடிபடுகிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட நாம் தேடுவது கொஞ்சம். தமிழில் தட்டச்சிட்டுத் தேடுவது இன்னும் கொஞ்சம். எனவே நம் கேள்விகளுள் பெரும்பகுதி அரியவை என்ற கணக்கிலேயே விழும். டக்டக்கோ தன் விடைகளுக்குப் பெரிதும் நம்பியிருப்பது பிங்கை. பிங் தமிழில் கண்டதோ குறைவு. ஆக அந்தரங்கம் வேண்டுகிற தமிழர் விடையின் தரத்தில் விலை கொடுக்கிறார். டிராக்மீநாட் கருவி தொடக்கத்தில் அனுப்பிய பொய்த்தேடல்கள் ஆங்கிலச் சொற்கள். அவற்றின் நடுவே 'ஒகேனக்கல் நீர்வரத்து' என்று ஒரு வரி வந்தால், சூட்டும் கோட்டும் அணிந்த கூட்டத்தில் வேட்டி கட்டி நிற்பவரைப்போலத் தனித்துத் தெரியும். ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். நமக்கு அது போதவில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ 2023இல் 'உலா' என்ற உலாவியைக் கொண்டுவந்தது; பின்தொடர் நிரல்களைத் தடுப்பது அதன் முதன்மை வாக்குறுதி. நன்று. ஆனால் உலாவி வாசற்கதவு மட்டுமே; கேள்வி போய்ச் சேரும் இடம் வேறு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததைத் தொடர்ந்து, 2023 தொடக்கத்தில், புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தேடுபொறியைப் பயனரே தேர்ந்துகொள்ளும் பட்டியலைத் தருவதாகக் கூகுள் அறிவித்தது. பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும், தமிழ்ப் பக்கங்களைத் தானே சென்று திரட்டி, தானே வரிசைப்படுத்தும் தேடுபொறிகள் அவற்றுள் எத்தனை என்பதே நம் கேள்வி.

ஆண்டுதோறும் ஆடி பிறக்கும் தறுவாயில் கர்நாடக அணைகள் நிரம்பத் தொடங்கும். மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவில் கன அடிக் கணக்கை அளக்கும். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த 177.25 டி.எம்.சி. பங்கும் அங்கேதான் அளக்கப்படுகிறது. சற்றுக் கீழே ஒகேனக்கல்லில் பரிசல்களைக் கரையேற்றச் சொல்வார்கள். அதற்கும் கீழே, மேட்டூரைத் தாண்டி, ஒருவர் கைபேசியை எடுத்து அந்த இரண்டு சொற்களை இடுவார். அவருக்குக் கடன் தருபவர், விதை விற்பவர், நிலம் வாங்கக் காத்திருப்பவர் என எத்தனையோ பேருக்கு அவ்விரு சொற்கள் பயன்படும். அவருக்குத் தேவை ஓர் எண் மட்டுமே.