ஆதார் எண்: அமைப்பும் வழங்கும் முறையும், திருவனந்தபுரத்தை முன்வைத்து

ஆதார் எண் என்பது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் வழங்கும் 12 இலக்க அடையாள எண். ஒருவருக்கு ஒன்றுதான். ஒருவருக்குத் தந்த எண் வேறொருவருக்கு எக்காலத்திலும் தரப்படாது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவரின் எண்ணையும் அசாமின் தேஜ்பூரில் இருப்பவரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஊர், வயது, பால், சாதி, மதம், பதிவு செய்த ஆண்டு எதுவும் அந்த எண்ணில் இல்லை. உலகில் பல நாடுகளின் அடையாள எண்களோடு ஒப்பிட்டால் ஆதாரின் தலையாய சிறப்பு இதுவே.

ஆணையம் 2009 ஜனவரி 28 அன்று திட்டக்குழுவின் கீழ் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு நந்தன் நிலேகனி தலைவரானார். முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து தெம்ப்ளி கிராமத்தில் வழங்கப்பட்டது. சட்டம் வந்தது அதற்குப் பின்னர்தான், 2016இல். அதற்குள் கோடிக்கணக்கானோர் எண் பெற்றுவிட்டார்கள்.

எண்ணின் அமைப்பு

பன்னிரண்டு இலக்கங்களில் முதல் பதினொன்று தற்போக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கடைசி இலக்கம் அந்தப் பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சோதனை இலக்கம். எண் 0 அல்லது 1இல் தொடங்காது. அவை பிற்காலத் தேவைகளுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆகவே கிடைக்கக்கூடிய எண்கள் 8,000 கோடி. நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட இது மிகப் பெரிய இருப்பு. அதனால் யாரோ ஒருவர் மனம்போன போக்கில் எழுதும் 12 இலக்கம் உண்மையான ஆதார் எண்ணாக அமைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அட்டையில் நான்கு நான்காகப் பிரித்து அச்சிடுவது படிக்க வசதிக்காக மட்டுமே. அந்தப் பிரிவுகளுக்குப் பொருள் ஏதுமில்லை.

எண்ணில் எதையும் பொதிந்து வைக்கக் கூடாது என்ற முடிவு 2010இல் ஆணையம் வெளியிட்ட எண்ணமைப்பு ஆவணத்திலேயே இருக்கிறது. கணினித் தரவுத்தளம் இல்லாத காலத்தில் மாவட்டம், ஆண்டு போன்றவற்றை எண்ணுக்குள்ளேயே எழுதி வைத்தால்தான் கோப்பைத் தேடி எடுக்க முடியும். இன்று அந்தத் தேவை இல்லை. மக்கள் இடம் பெயர்வதால் ஊர்க்குறியீடும் சீக்கிரமே பொய்யாகிவிடும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதைச் சட்டமாகவே ஆக்கியது: எண் தற்போக்கானதாக இருக்க வேண்டும், எண்ணுக்கு உரியவரின் இயல்புகளோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் ஓடும் வண்டியின் பலகையில் கேஎல் 01 என்றிருந்தால் அது நகர வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. 16 என்றால் ஆற்றிங்கல், 19 பாறசாலை, 20 நெய்யாற்றின்கரை, 21 நெடுமங்காடு, 22 கழக்கூட்டம். ஓட்டுநர் உரிம எண்ணும் மாநிலம், அலுவலகம், ஆண்டு என்ற வரிசையில்தான் தொடங்குகிறது. வண்டிக்கு இது பொருத்தம். மனிதருக்கு? இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் நாளோடு 500 கூட்டப்படும். ஜனவரி 5இல் பிறந்த ஆணுக்கு 005, பெண்ணுக்கு 505. 2016இல் அந்த எண் 12 இலக்கமாக நீண்டபோதும் பிறந்த நாளும் பாலும் உள்ளேயே தங்கிவிட்டன. ஒரு படிவத்தில் எண்ணை எழுதிய மாத்திரத்தில் எதிரில் இருப்பவருக்கு உங்கள் வயதும் தெரிந்துவிடுகிறது.

சோதனை இலக்கம்

ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி அமைவது. நெதர்லாந்துக் கணித அறிஞர் ஜேக்கபஸ் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறை இது. எண்ணை எழுதும்போது மனிதர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு வகை: ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதுவது, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது. இந்த இரண்டையும் ஒன்றுவிடாமல் பிடிக்க வேண்டும். சோதனைக் குறியும் எழுத்தாக இல்லாமல் 0 முதல் 9 வரைக்குள் ஓர் இலக்கமாகவே இருக்க வேண்டும். வங்கி அட்டைகளில் பயன்படும் லூன் முறை 09 என்பதை 90 என்று மாற்றி எழுதினால் கண்டுபிடிக்காது. வெர்ஹோஃப் முறை கண்டுபிடித்துவிடும்.

சிறிய எண்ணில் பார்த்தால் எளிதில் விளங்கும். 236 என்ற எண்ணுக்கு இந்த முறையில் வரும் சோதனை இலக்கம் 3. முழு எண் 2363. அவசரத்தில் ஒருவர் 6ஐயும் 3ஐயும் மாற்றி 2633 என்று தட்டுகிறார். 263க்கு வரவேண்டிய சோதனை இலக்கம் 4. கடைசியில் 3 இருப்பதால் கணினி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ரேஷன் கடையிலோ வங்கியிலோ தவறாகத் தட்டிய எண் யாரோ ஒருவர் கணக்கில் போய் விழாமல் காப்பது இந்த ஒற்றை இலக்கம்தான். ஆனால் சோதனையில் தேறினால் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அது உண்மையில் வழங்கப்பட்ட எண்ணா, எதிரில் நிற்பவருடையதா என்பது தரவுத்தளத்தில் கேட்டால்தான் தெரியும்.

வழங்கும் முறை

கேரளத்தில் ஆதார் பதிவு என்றாலே மக்கள் முதலில் நினைப்பது அக்ஷயா மையத்தை. 2002இல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்த மலப்புறம் மாவட்டக் கணினிக் கல்வித் திட்டம் பின்னர் அரசுச் சேவை மையங்களின் வலையாக மாநிலம் முழுதும் பரவியது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷன் அதை நடத்துகிறது. வங்கிகளிலும் அஞ்சலகங்களிலும் பதிவு உண்டு.

மையத்தில் பெயர், பிறந்த தேதி, பால், முகவரி ஆகியவற்றுக்கான சான்றுகளைக் காட்ட வேண்டும். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் விருப்பம். பிறகு புகைப்படம், பத்து விரல் ரேகை, இரு கண்களின் கருவிழிப் பதிவு. தட்டச்சு செய்த விவரத்தை விண்ணப்பதாரர் பார்க்கும்படி அவர் பக்கம் ஒரு திரை திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பெயரில் எழுத்துப் பிழை பிடிக்க வேண்டிய நேரம் அதுதான், பிறகு அலைச்சல். பதிவு முடிந்ததும் ஒரு ரசீது வரும். அதில் 14 இலக்கப் பதிவு எண்ணும், பதிவான நாளும் நொடிவரையிலான நேரமும் இருக்கும். இதில் முதல் நான்கு இலக்கம் பதிவு செய்த முகமையையும், அடுத்த ஐந்து பதிவுக் கருவியையும், கடைசி ஐந்து வரிசையையும் குறிக்கும். ஆக, பதிவு எண் எல்லாவற்றையும் சொல்லும். அதிலிருந்து பிறக்கும் ஆதார் எண் எதையும் சொல்லாது.

ஆதார் எண் உருவாவது மையத்தில் அல்ல. மறையாக்கம் செய்த தகவல் பொட்டலம் மத்தியத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகிறது. அதன் மையங்கள் பெங்களூரிலும் மானேசரிலும் உள்ளன. அங்கே புதியவரின் ரேகையும் கருவிழியும் ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. ஒருவரே இரண்டாம் முறை வந்திருந்தால் விண்ணப்பம் தள்ளப்படும். இல்லையென்றால் எண் உருவாகிக் கடிதம் அஞ்சலில் வரும். கேரளத்து முகவரிக்கு வரும் கடிதத்தில் மலையாளமும் ஆங்கிலமும் இருக்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை. பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைத்து நீல நிற அட்டை தருகிறார்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் உயிரளவைப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எண் மட்டும் மாறாது.

விரல் இல்லாதவர், ரேகை தேய்ந்தவர், பார்வையற்றவர் ஆகியோருக்கு விதிவிலக்குப் பதிவு முறை தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் மையத்தில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் கோட்டயம் மாவட்டத்தில் கைவிரல்கள் இல்லாத பெண் ஒருவருக்கு ஆதார் கிடைக்காதது செய்தியாகி, அப்போதைய ஒன்றிய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் தலையிட்ட பிறகு ஆணையத்தினர் அவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார்கள். சட்டம் தந்த உரிமை செய்தித்தாள் வழியாக வந்து சேர்ந்தது வருத்தத்துக்குரியது.

ஆதார் பெற இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் போதும். மறுபுறம், ஆதார் குடியுரிமைக்குச் சான்றும் அல்ல. ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் 182 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவர்கள் நிறைந்த கேரளத்துக்கு இது பெரிய சலுகை.

பான் எண்ணும் தென்னாட்டுப் பெயரும்

வருமான வரித் துறையின் பான் எண் வேறு போக்கு. பத்துக் குறிகள்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை எழுத்து. முதல் மூன்று எழுத்து வரிசை. நான்காவது எழுத்து உரியவர் யார் என்பதைக் காட்டும்: தனிநபருக்குப் பி, கம்பெனிக்கு சி, இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு எச். ஐந்தாவது எழுத்து, தனிநபரானால், அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து.

சிக்கல் இங்கேதான். கரமனை அக்ரகாரத்துத் தமிழருக்கும், வீட்டுப்பெயரை முன்னெழுத்தாகப் போடும் நாயருக்கும் வடநாட்டார் பொருளில் குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ கடைசிப் பெயரைக் கட்டாயம் கேட்கிறது. முன்னெழுத்தைச் சுருக்கமாக எழுதவும் விடுவதில்லை. எஸ். ராமநாதன் என்பவர் தந்தை பெயர் சுப்பிரமணியத்தைக் கடைசிப் பெயராக எழுதினால் ஐந்தாம் எழுத்து எஸ். தம் பெயரையே அந்த இடத்தில் எழுதினால் ஆர். பெண் திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றினாலும் பான் எண் மாறாது. பழைய எழுத்து அப்படியே நிற்கும். எண்ணுக்குள் பெயரைப் பொதிந்தால் நேர்வது இது. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். நமக்குப் பொருத்தமான ஏற்பாடு. இரண்டையும் இணைக்கப் போகும்போதுதான் ஒன்றில் முன்னெழுத்தும் மற்றதில் விரித்த தந்தை பெயருமாக இருந்து கணினி ஏற்க மறுக்கிறது.

அயர்லாந்தின் பிபிஎஸ் எண்

கேரளத்திலிருந்து அயர்லாந்துக்குச் செல்லும் செவிலியர் பலர். திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள, வெளிநாடுவாழ் கேரளத்தாருக்கான நோர்க்கா மையத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு முடித்து அங்கே போய் இறங்கியதும் அவர்கள் முதலில் தேடுவது பிபிஎஸ் எண், அதாவது தனிநபர் பொதுச் சேவை எண். வேலை, வரி, சமூக நலம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சமூகப் பாதுகாப்புத் துறை வழங்குகிறது; அடையாளம், முகவரி, எதற்காக எண் தேவை என்ற காரணம் ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பைப் பதிந்ததும் எண் தானாக வரும்.

1979இல் வருவாய், சமூகக் காப்பீட்டு எண்ணாகத் தொடங்கியது அது. ஏழு இலக்கம், பிறகு ஒரு சோதனை எழுத்து. கணக்கைக் கையாலேயே போடலாம். 1234567 என்ற எண்ணின் இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 112. அதை 23ஆல் வகுத்தால் மீதி 20. ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்து டி. அதுவே சோதனை எழுத்து. மீதி 0 வந்தால் இருபத்து மூன்றாம் எழுத்தான டபிள்யூ. 23 பகா எண் என்பதால் ஓர் இலக்கத் தவறும் இட மாற்றமும் தப்பாது. 2013 ஜனவரி முதல் புதியவர்களுக்கு ஒன்பதாவதாக ஏ என்ற எழுத்தும் சேர்கிறது. அதன் மதிப்பு 1ஐ 9ஆல் பெருக்கிக் கூட்டினால் 121, மீதி 6, சோதனை எழுத்து எஃப்.

முன்பு அந்த ஒன்பதாம் இடத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. மணமான பெண்ணுக்குத் தனி எண் தராமல், கணவன் எண்ணோடு டபிள்யூ சேர்த்துக் கொடுத்தார்கள். மனைவி என்பவள் கணவன் கோப்பின் பின்னிணைப்பு என்பதை எண்ணே சொல்லிற்று. 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஆதார் எண் எதையும் சொல்லாமல் இருப்பது ஏன் சரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாதுகாப்பு

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதார் சட்டம் செல்லும் என்றனர். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவின் பகுதி நீக்கப்பட்டது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் மாறுபட்டு, சட்டம் நிறைவேற்றப்பட்ட விதமே தவறு என எழுதினார்.

2018இல் மெய்நிகர் அடையாள எண் வந்தது. 16 இலக்கம் கொண்ட இது தற்காலிகமானது. வேண்டும்போது புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம், பழையது செல்லாததாகிவிடும். முதல் எட்டு இலக்கத்தை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரையும் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். எண் வாய் திறக்காது. ஆனால் அட்டையின் ஜெராக்ஸில் முகம், பிறந்த நாள், முகவரி எல்லாம் இருக்கின்றன. தம்பானூர் விடுதியிலோ வேறெங்கோ நகல் கேட்டால் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆணையத்தின் உதவி எண் 1947.