நொத்தாரிசின் பெட்டகமும் உழுதவர் பெயரும்

யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி, நொத்தாரிசுக் குடும்பங்களின் பெட்டகங்களில் எஞ்சியுள்ள காணி உறுதிகளைக் குலப்பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். எழுத்தின் அழகை வியப்போரும் உளர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது என விதித்தது. வாய்ச்சொல்லால் நிலைபெற்ற உரிமை அத்துடன் வலுவிழந்தது.

ஒற்றியுறுதிகளே கூர்ந்து நோக்கத்தக்கவை. கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். முதல் தீரும்வரை காணி மீளாது. அவ்வுறுதிகளிற் பரப்பும் குழியும், நாற்புற எல்லையும், கிணற்றுப் பங்கும், வழி வாய்க்காலும் பிசகாது குறிக்கப்படும். உழுதவர் பெயரைக் குறிக்கவேண்டிய தேவை சட்டத்துக்கு இருக்கவில்லை. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைகளை உடைமையாகவே கண்டது. 1844இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவர்கள் உடைமைப் பட்டியலினின்று நீங்கினர். காணி அவர்களுக்கு வழங்கப்படவில்லை.