மேலே பெய்துவிட்ட மழை

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட குழுக்களிடம் வசனப் புத்தகம் கிடையாது. மேடைக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும். யார் எப்போது நுழைகிறார், யாருக்கு யார் மேல் காதல், கடிதம் எந்த இடத்தில் கைமாறுகிறது என்பது மட்டும் அதில் இருக்கும். நடிகர் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டு உள்ளே போவார். மீதியை மேடையில் நின்று அவரே பேசிக்கொள்வார். அந்தத் தாளின் பெயர் சினாரியோ. 1611இல் ஃப்ளாமினியோ ஸ்காலா என்ற நாடகக்காரர் அப்படிப்பட்ட 50 சினாரியோக்களைத் தொகுத்து அச்சிட்டார்.

சினிமா பிறந்தபோது மௌனப் படங்களின் கதைக்குறிப்புக்கு அந்தப் பெயர் போனது. பிறகு ஹாலிவுட் அதைக் கைவிட்டு ‘ஸ்கிரீன்ப்ளே’ என்று சொல்லப் பழகிவிட்டது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் அணுப்போர் மூண்டால் என்னென்ன ஆகும் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த ஹெர்மன் கான் குழுவுக்கு இந்தப் பழைய சொல்லை எடுத்துக் கொடுத்தவர், சினிமாவுக்கும் எழுதிய லியோ ராஸ்டன். நகரங்கள் சாம்பலாவதைக் கணக்குப் போட்ட அந்தக் காலகட்டத்தில் அதிகம் நிற்க எனக்கு மனமில்லை.

அடுத்து அது போய்ச் சேர்ந்த இடம் ஷெல் எண்ணெய் நிறுவனம். அங்கே அதை வளர்த்தவர் பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் முதலில் எழுதிக் கொடுத்த வருங்காலக் காட்சிகளை மேலாளர்கள் படித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பழையபடியே முடிவெடுத்தார்கள். வாக்குக்கு அது உறுத்தியது. எதிர்காலத்தில் எது நிச்சயமில்லாதது, எது ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்று பிரித்துக் காட்டாதவரை யாரும் அசையமாட்டார்கள் என்று கண்டுகொண்டார்.

இந்தியாவுக்கு வந்து போன மனிதர் அவர். இந்த வேறுபாட்டை விளக்க அவர் கங்கையைத்தான் காட்டினார். மலையில், ஆற்றின் மேற்பகுதியில், பெருமழை கொட்டிவிட்டது என்றால் இரண்டு நாளில் ரிஷிகேஷில் வெள்ளம் வரும். அங்கிருந்து சில நாளில் அலகாபாத், பிறகு காசி. காசிப் படித்துறையில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் வெயில் காயலாம். ஆனாலும் வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை. மேலே பெய்த மழையை யாராவது பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய் விற்கும் நாடுகள் இதே விலைக்கு, இதே வேகத்தில் இறைத்துக்கொண்டே இருக்கக் காரணமே இல்லை என்பதை அவர் அப்படிப் பெய்த மழையாகப் பார்த்தார். 1973 அக்டோபரில் மேற்காசியப் போர் வந்தது. அதையொட்டி, பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த எண்ணெய் விலை அடுத்த ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. ஷெல்லுக்கு அது எதிர்பாராத அடியாக இருக்கவில்லை.

மருத்துவத்துக்குள் இந்த முறையைத் துணிந்து கொண்டுவந்தது நெதர்லாந்து. உடல்நலத்தின் வருங்காலத்தை இப்படி எழுதிப் பார்க்கவே 1983இல் அரசு ஒரு குழு அமைத்தது. முதுமை, இதயநோய், புற்றுநோய் என்று அது வரிசையாக எடுத்துக்கொண்டது. முதுமையைத் தேர்ந்ததை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. முப்பது வருஷம் கழித்து எண்பது வயதைத் தொடப்போகிறவர்கள் இன்றைக்கே நம்மோடு பேருந்தில் வருகிறார்களே, அதைவிட நிச்சயமான மழை எது?

2005இல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு ஆப்பிரிக்காவுக்காக 2025 வரையிலான மூன்று காட்சிகளை வெளியிட்டது. ஷெல்லின் உதவியோடு 150க்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து எழுதியது. மோசமான காட்சியில் 8.9 கோடிப் பேருக்குப் புதிதாகத் தொற்று. நல்ல காட்சி நடந்தால் அதில் 4.3 கோடிப் பேர் தப்பிப்பார்கள். இடைவெளியில் இருப்பது விதி இல்லை, மனிதர்கள் எடுக்கும் முடிவு என்று அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

மனதைக் கனக்கச் செய்வது பிரிட்டனின் கதை. 2016 அக்டோபரில் ‘சிக்னஸ்’ என்ற பெயரில் மூன்று நாள் ஒத்திகை நடந்தது. புதுவகை ஃப்ளூ நாடெங்கும் பரவிவிட்டதாக வைத்துக்கொண்டு 950 பேர் கலந்துகொண்டார்கள். கடுமையான கொள்ளைநோயைத் தாங்க நாடு தயாராக இல்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பப்படும் நோயாளிகளைப் பராமரிப்பு இல்லங்கள் தாங்குமா என்ற கவலையும் அதில் இருந்தது. அரசு அதை முறையாக வெளியிட்டபோது 2020 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் கொரோனா அந்த இல்லங்களில் புகுந்து முதியவர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஒத்திகை பார்த்தவர்களுக்கு மழை தெரிந்திருந்தது. படித்துறையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்த சினாரியோ தாள் அமைச்சகத்தின் அலமாரியில் கிடப்பதைவிட வார்டுக்கு வர வேண்டும் என்கிறேன். ஒரு டயாலிசிஸ் பிரிவை எடுத்துக்கொள்வோம். மேசையைச் சுற்றி டாக்டர், ஹெட் நர்ஸ், டெக்னீஷியன், மருந்தாளுநர், வாரம் மூன்று நாள் வந்துபோகும் ஒரு நோயாளி. வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறி. குறுக்கே, நோயாளிகள் மெல்லக் கூடுவார்களா, சட்டென்று கூடுவார்களா. நெடுக்கே, பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் நிற்பார்களா, போய்விடுவார்களா. நான்கு கட்டம், நான்கு கதை. கூட்டம் பெருகி ஆளும் குறையும் கட்டத்துக்கு ஹெட் நர்ஸே பெயர் வைப்பார்: ‘நாலாவது ஷிஃப்ட்’. அந்தப் பெயரைக் கேட்டதுமே நடுராத்திரி ஊசி போடும் கை யாருடையது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

மேலே பெய்த மழை எது என்று அடுத்து கேட்க வேண்டும். இன்றைக்கு ஓ.பி. வரிசையில் நிற்கிற, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வராத ஆட்கள்தான் அது. அவர்களில் ஒரு பகுதியினர் சில வருஷத்தில் இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்வார்கள்.

அதுவரை பேசாமல் இருந்த டெக்னீஷியன் வாய் திறப்பார். ஒருவருக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் ஓட, சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர் வேண்டும். ஆர்.ஓ. கழித்துவிடுவது தனி. நான்கு கட்டத்தில் எது வந்தாலும் இப்போதிருக்கும் தொட்டி போதாது. கூட்டம் கலைவதற்கு முன்பே இரண்டாவது தொட்டிக்கு இண்டென்ட் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம்.