தூத்துக்குடி மருத்துவ ஆக்சிஜன் உற்பத்தி, 2021

கொரோனா இரண்டாம் அலையின்போது, மூடப்பட்டிருந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையில் ஆக்சிஜன் பிரிவு மட்டும் தற்காலிகமாக இயக்கப்பட்டது. 2021 மே மாதம் தொடங்கிய உற்பத்தி ஜூலை இறுதி வரை அனுமதிக்கப்பட்டது.

தாமிரத் தாதுவை உருக்கும் உலைக்கு ஆக்சிஜன் செறிந்த காற்று தேவை. அதற்காகவே ஆலை வளாகத்தில் நாளொன்றுக்கு 1,050 டன் ஆக்சிஜன் பிரித்தெடுக்கும் வசதி இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி குழாய் வழியே உலைக்குச் செல்லும் வாயு. தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு மொத்தமாக அனுப்ப வேண்டுமானால் அதை மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். தொடக்கத்தில் இங்கே திரவமாக்க முடிந்த அளவு நாளொன்றுக்குச் சுமார் 35 டன்தான்.

ஆலையைத் திறப்பது எளிய முடிவாக இருக்கவில்லை. 2018 மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு உத்தரவிட்டது. அந்தக் காயம் ஆறாத ஊரில், 2021 ஏப்ரல் 26 அன்று கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் ஆக்சிஜனுக்கு மட்டும் நான்கு மாத அனுமதி தரலாம் என்றது. மறுநாள் உச்ச நீதிமன்றம் ஜூலை 31 வரை அனுமதித்தது. தாமிர உற்பத்தி கூடாது, கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், ஆக்சிஜனை மத்திய அரசே மாநிலங்களுக்குப் பகிர வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

மே 13 அன்று 4.8 டன் திரவ ஆக்சிஜனுடன் முதல் டேங்கர் லாரி திருநெல்வேலிக்குப் புறப்பட்டது. உடனே தொழில்நுட்பக் கோளாறு. மே 19இல்தான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

அந்நாட்களில் தமிழ்நாட்டுக்கான மத்திய அரசின் ஆக்சிஜன் ஒதுக்கீடு நாளொன்றுக்கு 220 டன்னிலிருந்து 419 டன்னாக உயர்த்தப்பட்டிருந்தது. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் ஆக்சிஜன் வழங்கியது. வடக்கிலிருந்து ரயிலில் டேங்கர்கள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து ஐ.என்.எஸ். ஐராவத் போர்க்கப்பல் திரவ ஆக்சிஜனுக்கான காலித் தொட்டிகளைக் கொண்டுவந்து விசாகப்பட்டினத்தில் இறக்கியது.

நெருக்கடிக் காலத்தில் ஓர் ஆலையின் பயனை அதன் மொத்த உற்பத்தித் திறனை வைத்து மதிப்பிட முடியாது என்பதைத் தூத்துக்குடி காட்டியது. திரவமாக்கும் கருவி, டேங்கர், அனுமதி ஆகிய மூன்றில் எது குறைவோ, அதுவே நோயாளியைச் சென்றடையும் அளவைத் தீர்மானித்தது.