கரையிலிருந்தா, படகிலிருந்தா?

சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் போன் செய்தான். சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் இலங்கைக்குப் போகிறானாம். திருகோணமலையில் கப்பல் ஒரு பகல் நிற்குமாம். "தாத்தா, அங்க ஸ்நார்கெலிங் பண்ணப் போறோம். கரையிலேருந்தே இறங்கலாமா, படகுல போய் இறங்கலாமா? நீங்க கடலோரத்துல இருக்கிறவர்தானே, சொல்லுங்க" என்றான். நீச்சலே தெரியாத ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது! "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று போனை வைத்தேன்.

முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி அடியில் இருப்பதைப் பார்ப்பதுதான் ஸ்நார்கெலிங். நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். அந்தக் குழாய்க்குப் பிரெஞ்சில் 'தூபா' என்று பெயர்.

யோசித்துப் பார்த்தால், கடலுக்கடியில் இருப்பதைக் கரையிலிருந்து அறிவதா, படகில் போய் அறிவதா என்ற கேள்வி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. புதுப்பட்டினத்துக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தூரத்திலுள்ள மாமல்லபுரத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி அது.

கப்பலில் வந்த ஐரோப்பிய மாலுமிகள் அந்த ஊரை 'ஏழு கோபுரங்கள்' என்றே அழைத்தார்கள். கரையில் நிற்பதோ ஒரே ஒரு கடற்கரைக் கோயில். மற்றவை எங்கே? வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் அங்கே வந்து ஊராரிடம் விசாரித்தார். கடலுக்குள் வெகுதூரத்தில், செம்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் சூரிய உதயத்தில் மின்னியதை முதியவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னார்கள். 1788-ல் வெளியான அவரது கட்டுரையில் அது அச்சாகியிருக்கிறது. இது கரையில் நின்று கேட்ட சாட்சி. பாட்டி கதை என்று தள்ளியவர்களே அதிகம்.

படகில் போய்ப் பார்க்கும் காலம் 2002 ஏப்ரலில் வந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழுவினரும் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே மூழ்கினார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சிதைந்த சுவர்களும், சதுரமாகவும் நீள்சதுரமாகவும் வெட்டிய கற்களும், படிகளோடு கூடிய ஒரு மேடையும் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் சிப்பியும் பாசியும் அப்பியிருந்தன. இந்தக் கடற்கரை ஆண்டுக்கு 55 செ.மீ. அளவில் அரிக்கப்படுவதாக ஒரு கணக்கு உண்டு. அதே வேகத்தில் போனால் 1500 ஆண்டுகளுக்கு முன் கரை இன்னும் 800 மீட்டர் கிழக்கே இருந்திருக்கும். செம்புத் தகட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஊரார் கதை முழுப் பொய்யும் இல்லை என்றாயிற்று.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. அலை வருவதற்கு முன் கடல் உள்வாங்கியபோது வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாக மாமல்லபுரத்தில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கடல் திறந்து காட்டியது சில நிமிடம்தான். அதற்கு அது வாங்கிய விலை நமக்குத் தெரியும். கல்பாக்கத்திலும் நம் புதுப்பட்டினத்திலும் உயிர்கள் போயின. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் கை வருவதில்லை.

அலை வடிந்த பிறகுதான் வேடிக்கை. கடலுக்குள் தேடியதைவிடப் பெரிய செய்தி கரை மணலிலேயே கிடைத்தது. சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்கு அருகே, மணல் அரித்துப்போன பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அவை ஒரு சுப்பிரமணியர் கோயிலைக் குறித்தன. இந்தியத் தொல்லியல் துறை 2005-ல் தோண்டியபோது வடக்கு நோக்கிய முருகன் கோயில் வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அதன் கீழே அதற்கும் முந்தைய செங்கல் கட்டடம். வாசலில் ஒரு கல் வேல். நாம் எத்தனை முறை அந்த மணலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றிருப்போம்!

அன்று மாலை பேரனுக்குப் போன் செய்தேன். நிலாவெளிக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கி.மீ. தூரத்தில் உள்ள புறாத்தீவுக்குப் போகச் சொன்னேன். அதற்குப் படகில்தான் போக முடியும். ஆனால் தீவின் மணல் கரையிலிருந்து இறங்கினாலே பவளப்பாறை தெரியும். ஆக, இரண்டுமே வேண்டும். "லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதே, பவளத்து மேல கால் வைக்காதே, இறங்கறதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் படகுக்காரரை நீரோட்டம் எப்படின்னு கேளு" என்றேன்.

"நம்ம ஊர்லயும் அப்படி இறங்கிப் பார்க்கலாமா தாத்தா?" என்றான்.

"கூடவே கூடாது. இங்கே தண்ணி கலங்கல், உள்ளே இழுக்கிற கடல். நம்ம ஊர்ல கடலைப் பார்க்கணும்னா கரையில உட்கார்ந்து குப்பத்துப் பெரியவங்ககிட்ட காதைக் கொடு. சேம்பர்ஸ் துரை அதைத்தான் செஞ்சார்" என்றேன்.