பாட்டும் பூட்டும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில், புளியங்குடிக்குப் புதிய திரைப்படம் என்பது பேருந்தின் கூரைமேல் ஏறிவரும் தகரப் பெட்டிதான். பெட்டிக்குள் படச்சுருள்கள் இருக்கும். பெட்டியுடன் வினியோகஸ்தரின் பிரதிநிதி ஒருவரும் வந்து இறங்குவார். ஒவ்வொரு காட்சியிலும் எத்தனை சீட்டுகள் விற்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்வது அவருடைய வேலை. படம் முதலில் சென்னையிலும் மதுரையிலும் ஓடும். பிறகு திருநெல்வேலியில் ஓடும். சுருள் தேய்ந்து கீறல் விழுந்த பிறகே எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கும். கதையில் கோடைகாலமாக இருக்கும். திரையிலோ ஓயாமல் மழை பெய்துகொண்டிருக்கும். ஆயினும் நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பெட்டியைத் தவிர வேறு வழியே இல்லை அல்லவா?

அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஆனால் படத்தைக் காத்தது அந்தப் பூட்டன்று. சுருளின் பருமனே காத்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளைப் பிரதி எடுக்கத் தொழிற்கூடம் வேண்டும். ஓட்டிக் காட்ட அரங்கம் வேண்டும். திருடியவனும் அதைக் கொண்டு யாது செய்ய இயலும்? பொருளின் இயல்பே பொருளுக்குக் காவலாக நின்ற காலம் அது.

இன்று அந்தப் பெட்டி இல்லை. சென்னையில் ஓடும் அதே நாளில் அதே படம் எங்கள் ஊரிலும் ஓடுகிறது. கீறலும் இல்லை, மழையும் இல்லை. சில வாரங்களில் அது கைபேசிக்கும் வந்துவிடுகிறது. ஆனால் பருமன் போனதும் காவலும் போயிற்று. ஆகவே, பாட்டையும் படத்தையும் யார் பூட்டுவது, எவ்வளவு காலம் பூட்டுவது, திறவுகோல் யாரிடம் இருப்பது என்னும் கேள்விகள் எழுந்துள்ளன. இவை நேற்றுப் பிறந்த கேள்விகள் என்று பலர் எண்ணுகின்றனர். மாணவ நண்பர்களே, அவை நம் பக்கத்திலேயே நூறாண்டுகளுக்கு முன் வேர்விட்டவை. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

புளியங்குடியிலிருந்து தெற்கே தென்காசிக்குச் சென்று, அதையும் தாண்டிப் போனால் கடையம் என்னும் ஊர் வரும். பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் அது. புதுச்சேரியை விட்டு 1918-இல் வெளியேறிய பாரதியார், 1920 வரை அவ்வூரில் வாழ்ந்தார். அங்கிருந்தபடி 1920-இல் அவர் ஒரு பெருந்திட்டம் தீட்டினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிட வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதிப் பொருளுதவி கேட்டார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்று அவர் நம்பினார். நாற்பது நூல்கள், நான்கு லட்சம் படிகள்! பணம் வரவில்லை, நூல்களும் வரவில்லை. 1921 செப்டம்பரில் கவிஞர் மறைந்தார்.

இங்கு ஒன்றைக் கருதுக. பாரதியார் கண்ட கனவு காகிதத்தில் கண்ட கனவு. அப்போதே இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்துவிட்டது. 1902-இலேயே கல்கத்தாவில் ஒலிப்பதிவு நடந்திருக்கிறது. ஆனால் பேசும் படம் பிறக்கவில்லை. வானொலி தமிழ்நாட்டுக்கு வரவில்லை. தம் பாட்டு தட்டிலும், காற்றிலும், திரையிலும் ஏறி நான்கு லட்சம் படிகளைக் காட்டிலும் தொலைவு செல்லும் என்று அவர் கணக்கிட்டிருக்க இயலாது. அவர் குடும்பத்தாரும் கணக்கிடவில்லை.

பாட்டுகளைப் பதிப்பிக்கும் உரிமையைக் குடும்பத்தின் வறுமை காரணமாகச் செல்லம்மாள் 1931-இல் பாரதி பிரசுராலயத்துக்கு விற்றார். அதை நடத்தியவர் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதன். இசைத்தட்டு உரிமை அதிலிருந்து பிரிந்து, 1930-களிலேயே ஜேசிங்லால் மேத்தா என்னும் வணிகரிடம் சென்றது. பின்னர் அது பட அதிபர் ஏ. வி. மெய்யப்பனிடம் வந்தது. புத்தகம் ஒருவரிடம், தட்டு மற்றொருவரிடம், திரை இன்னொருவரிடம் என ஒரே பாட்டு ஊடகத்துக்கு ஊடகம் வேறுவேறு கைகளில் சிக்கியது. மெய்யப்பன் 1947-இல் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. புத்தகம் நுழையாத வீட்டிலும் பாட்டு நுழைந்தது. அந்த அளவில் அதை நன்மை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அடுத்த ஆண்டே மறுபக்கம் தெரிந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1948-இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது, திரையில் அதைப் பாடும் உரிமை தமக்கே உரியது என்று ஏவி.எம். தரப்பு தடை எழுப்பியது, விவகாரம் வழக்காயிற்று. நாட்டு விடுதலைக்காகப் பாடிய கவிஞனின் பாட்டே விடுதலை இன்றிக் கிடப்பதா என்று தமிழ்நாடு கேட்டது. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு 1949 மார்ச்சில் பாரதியார் படைப்புகளை அரசுடைமையாக்கும் முடிவை அறிவித்தது. மெய்யப்பனும் தம் உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1955-இல் அரசு தன் உரிமையையும் துறந்து பாட்டுகளை மக்களுக்கே வழங்கியது. ஒரு கவிஞரின் எழுத்து முழுவதையும் அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்த அந்த வழி தமிழ்நாட்டில் நிலைத்தது. அதன் பின் பல தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின.

உரிமை உடையவர் பூட்டுகிறார் என்றால், அரசும் பூட்டியதுண்டு. வானொலியில் பேசும் நான் வானொலியின் வரலாற்றை மறைத்தல் முறையாகாது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் செவ்விசைச் சுவையைக் கெடுக்கும் என்று கருதினார். படத் தயாரிப்பாளர்களுடன் இருந்த உடன்பாடும் முறிந்தது. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறத்தாழ ஒழிந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினார்கள். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி பாடிக்கொண்டிருந்தது. பூட்டு இங்கே தொங்கியது. பாட்டு அங்கே ஒலித்தது. ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. மக்கள் நாடும் ஒன்றை நேர்வழியில் கொடாவிட்டால், அவர்கள் வேறு வழியில் அதைப் பெறுவர் என்பதே அந்த ஐந்தாண்டு புகட்டிய பாடம்.

பிறகு ஒலிநாடா வந்தது. கடைத்தெருவில் ஒரு பதிவுக் கடை இருக்கும். விருப்பமான பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், மறுநாள் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். நானும் அப்படி எழுதிக் கொடுத்தவன்தான். நாடாவுக்கு விலை கொடுத்தேன். கடைக்காரர் உழைப்புக்குக் கூலி கொடுத்தேன். பாட்டை எழுதியவருக்கும், இசையமைத்தவருக்கும், பாடியவருக்கும் என் பணத்திலிருந்து ஒரு காசும் செல்லவில்லை. அதை அன்று நான் நினைத்தும் பார்க்கவில்லை. இன்று நினைக்கும்போது நாணம் உண்டாகிறது. எனினும், நாடாவிலிருந்து நாடா எடுக்க எடுக்க ஒலி மங்கும். படி எடுப்பதற்கு அந்த மங்கலாவது ஓர் எல்லையாக இருந்தது.

டிஜிட்டல் முறை அந்த எல்லையையும் அழித்தது. ஒலியும் ஒளியும் எண்களாக மாறிவிட்டால், ஆயிரமாவது படியும் முதற்படியைப்போலவே இருக்கும். மூலம் எது, நகல் எது என்று பிரித்தறிய இயலாது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய 'க்யூப்' போன்ற முறைகளால் அரங்குகள் இப்புதுமைக்கு மாறின. படம் வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியிலோ மறைகுறியாக வருகிறது. அதற்கெனத் தனித் திறவுகோல் உண்டு. இன்ன அரங்கில், இன்ன கருவியில், இன்ன நாள்வரை மட்டுமே அது திறக்கும். நாள் கடந்தால் படம் ஓடாது. முன்பு பொருளின் பருமன் செய்த காவலை இப்போது கணக்கு செய்கிறது.

திறவுகோல் வைத்திருப்பவருக்கு வலிமையும் கூடியது. டிஜிட்டல் திரையிடலுக்குச் செலுத்தும் கட்டணம் மிகுதி என்று கூறித் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்தினர். அரங்குகளும் தம் நிலை ஆடுவதைக் கண்டன. கமல்ஹாசன் 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னதாகவே வழங்க முயன்றபோது, திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர்; அம்முயற்சி கைவிடப்பட்டது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020 மே மாதத்தில் 'பொன்மகள் வந்தாள்' நேரே இணையத்தில் வெளிவந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் படம் வந்துவிட்டது.

புதிய ஊடகத்தின் இரு முகங்களையும் ஒரே படத்தில் காணலாம். 'மூன்று' என்னும் படத்தின் 'கொலைவெறி' பாடல் முறையாக வெளியாகும் முன்பே இணையத்தில் கசிந்தது. அதைக் கண்டவர்கள் 2011 நவம்பரில் முறையான வடிவத்தைத் தாமே இணையத்தில் வெளியிட்டனர். அது உலகெங்கும் பரவிற்று. கசிவுக்கு மருந்தாகப் பரவலே பயன்பட்டது. ஆனால் 2012 மார்ச்சில் படம் வெளிவந்தபோது, திருட்டுப் படிகளுக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெறப்பட்டது. அந்த ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் சில தளங்களை முழுமையாகவே மூடிவிட்டன. அங்கிருந்த நேர்மையான பொருள்களும் உடன் மறைந்தன. ஒரு கள்வனைத் தடுக்கக் கடைத்தெருவையே அடைத்தது போலாயிற்று. அதே ஆண்டு ஜூனில், குறிப்பிட்ட பக்கத்தை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் ஊடகத்தின் பின்னால் ஓடிவருவது இயல்பு. தமிழ்நாடு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வீடியோக் குற்றத்தையும் சேர்த்தது. ஒன்றிய அரசு 2023-இல் திருத்திய திரைப்படச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை தண்டமும் உண்டு.

ஆனால் பாரதியார் குடும்பத்தின் கதையை அறிந்தவர்கள் போற்ற வேண்டிய திருத்தம் வேறொன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஒருவர் தம் படைப்பின் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது, அன்று வழக்கில் இல்லாத ஊடகம் ஒப்பந்தத்தில் தனியே குறிக்கப்பட்டிருந்தாலன்றி, அந்த உரிமை கைமாறாது. அதாவது, இன்னும் பிறவாத ஊடகத்தை யாரும் அறியாமல் விற்றுவிட இயலாது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்குத்தொகையைப் பறிக்கலாகாது என்றும் அத்திருத்தமே சொல்கிறது. இசைத்தட்டும் படமும் ஈட்டித்தரப்போகும் வருவாயை யாரும் முன்னறியாத காலத்தில் உரிமையை விற்க நேர்ந்த ஒரு குடும்பத்தின் துயரம், எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்த விதியில் மறுமொழி பெற்றது என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் ஒரு செய்தி எஞ்சுகிறது. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளில் அவர் நூலின் பதிப்புரிமை முடிகிறது. திரைப்படத்துக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். ஆனால் மறைகுறிப் பூட்டுக்கு ஆண்டுக்கணக்குத் தெரியாது. உரிமை முடிந்த நாளில் தானே திறந்துகொள்ள அது அறியாது. பூட்டியவர் நிறுவனத்தை மூடிவிட்டால் திறவுகோலும் உடன் போகும். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. இன்று அதன் சுருள் ஒன்றுகூட இல்லை. பழைய படங்கள் பலவற்றைப்பற்றி நாம் அறிவதெல்லாம் கொட்டகை வாயிலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களால்தான். விலையுயர்ந்த சுருள் சில பேரிடம் இருந்தது, அழிந்தது. மலிவான புத்தகம் பல பேரிடம் பரவியது, பிழைத்தது.

எங்கள் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். தோப்புக்கு வேலி வேண்டும். வேலி இல்லையேல் பயிரிட்டவன் கைக்கு ஒன்றும் வாராது. ஆனால் பறித்த காயை அறையில் பூட்டி வைத்திருப்பவன் அறிவாளி ஆகமாட்டான். உரிய நாளில் சந்தைக்கு அனுப்பாவிட்டால் காய் வாடிப்போகும். கலைக்கும் இவ்விரண்டும் வேண்டும். வேலி, உழைத்தவனுக்காக, சந்தை, உண்பவனுக்காக.

ஆகவே மாணவர்களே, கைபேசியில் ஒரு பாட்டைக் கேட்கும்போது, இதற்குரிய கூலி எழுதியவரைச் சேர்ந்ததா என்று ஒரு கணம் எண்ணுங்கள். திருட்டுப் படியைத் தொடாதீர்கள். பூட்டு மிகும்போது, இது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கவும் தயங்காதீர்கள். உங்களுள் நாளைய கவிஞர் இருப்பார், இசைவாணர் இருப்பார், சட்டம் செய்வோரும் இருப்பார். கடையத்தில் அமர்ந்து நான்கு லட்சம் படிகளைக் கனவு கண்ட மனிதருக்குக் கிடைக்காத நீதி, இன்று எங்கோ ஒரு சிற்றூரில் முதற்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.