சுழலும் தட்டும் அசையாச் சில்லும்

மனிதன் தன் நினைவைத் தனக்கு வெளியே எழுதி வைக்கக் கற்ற நாள்முதல், எதன்மேல் எழுதி வைப்பது என்ற கேள்வியும் அவனைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. கல்லில் வெட்டியது நெடுங்காலம் நிற்கும்; ஆனால் வெட்டுவதும் அரிது, எடுத்துச் செல்வதும் அரிது. ஓலையில் எழுதுவது எளிது. ஆனால் அது செல்லுக்கு இரையாகும். விரைவு, கொள்ளளவு, ஆயுள், மலிவு என்னும் நான்கையும் ஒருசேரத் தரும் பொருள் இன்றளவும் நமக்கு வாய்க்கவில்லை. கணினியின் சரித்திரமும் இதற்கு விலக்கன்று.

வேகம் குன்றிய பழைய மடிக்கணினி ஒன்று இன்று நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அதைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. பிள்ளையின் படிப்புக்கு அது வேண்டும். ஊரில் எடுத்த திருமணப் படங்களும், மறைந்த பெரியவர்களின் குரற்பதிவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. தில்லி நேரு பிளேஸுக்கோ, மும்பை லாமிங்டன் சாலைக்கோ, பெங்களூரு எஸ்.பி. சாலைக்கோ அதைத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் இரு பொருள்களை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒன்று ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு, மற்றது எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுச் சேமிப்பகம். எதைத் தெரிந்தெடுப்பது? இரண்டும் வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் விடை தானே புலப்படும்.

நம் நாட்டின் முதல் மின்னணுக் கணினி இயங்கியது கல்கத்தாவில். இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட எச்.இ.சி.-2எம் என்னும் இயந்திரம் 1955ஆம் ஆண்டு அங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளையாகும். வேண்டிய எண், படிக்கும் முனைக்கு நேரே சுழன்று வரும்வரை இயந்திரம் காத்திருக்க வேண்டும். பின்னர் 1960இல், பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்துக் கட்டிய கணினி பணிக்கு வந்தது. டிஃப்ராக் என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுவே. அதன் நினைவகத்தில் சுழல்வது எதுவுமில்லை. ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான சிறு வளையங்கள் கம்பிகளில் கோக்கப்பட்டிருந்தன. மின்சாரம் பாய்ந்த மாத்திரத்தில் எந்த வளையத்தையும் படிக்கலாம். கணினியின் கணக்கில் 2048 'சொற்களுக்கு' அதில் இடமிருந்தது. ஆக, சுழலும் நினைவகம், அசையா நினைவகம் என்னும் இரு மரபுகளையும் நம் நாடு அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே கண்டுவிட்டது. இன்று கடை மேசையின்மேல் இருப்பவை அவ்விரு மரபுகளின் வாரிசுகளே.

அசையா நினைவகம் அத்துணை விரைவுடையதாயின், சுழலும் தட்டு உலகை ஆண்டது எவ்வாறு? காரணம் விலையே. வளையங்களைக் கம்பியில் கோப்பது நுண்ணிய கைவேலை. ஆதலால் கொள்ளளவைப் பெருக்கப் பெருக்கச் செலவும் பெருகியது. தட்டின் பரப்பிலோ காந்தப் பூச்சு ஒன்றே போதும். புள்ளிகளை நெருக்க நெருக்கக் கூடுதல் செலவின்றி இடம் பெருகும். அமெரிக்காவில் சான் ஓசே நகரத்து ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், ரெனால்ட் ஜான்சன் தலைமையில் இயங்கிய குழு இந்த உண்மையைப் பற்றிக்கொண்டது. 1956இல் அந்நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. அவற்றில் 50 லட்சம் எழுத்துகள் அடங்கின. வேண்டிய இடத்தைச் சென்று பற்றச் சராசரியாக 600 மில்லி செகண்டு, அதாவது அரை நொடிக்குச் சற்று மேல் ஆயிற்று. துளை அட்டைகளை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில் இது பெரும் வியப்பு.

அதன்பின் தட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. தட்டையும் படிக்கும் முனையையும் தூசு புகாவண்ணம் ஒரே உறைக்குள் அடக்கும் வின்செஸ்டர் முறை 1973இல் வந்தது. 1980இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல அளவில், 5 மெகாபைட் கொள்ளும் வன்தட்டைச் சிறு கணினிகளுக்கென வெளியிட்டது. மடிக்கணினிக்கு ஏற்ற 2.5 அங்குல அளவு 1988இல் பிறந்தது. அதே ஆண்டில் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்த ஒரு காந்த விளைவு, மிக நுண்ணிய காந்தப் புள்ளிகளையும் படிக்க வழி செய்தது. அதற்காக 2007இல் அவர்களுக்குப் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய மடிக்கணினிகளில் பெரிதும் காணப்படுவது, நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 500 ஜிகாபைட் வன்தட்டு. ராமாக்குடன் ஒப்பிட, கொள்ளளவு ஏறத்தாழ லட்சம் மடங்கு பெருகிவிட்டது. விரைவோ? தட்டு ஒரு சுற்று சுற்ற 11 மில்லி செகண்டு. வேண்டிய இடம் எதிரே வரச் சராசரியாக அதில் பாதி. கரம் நகர்ந்து நிற்கப் பன்னிரண்டு. கூட்டினால் 17, 18 மில்லி செகண்டு. 600 என்பது 17 ஆகியிருக்கிறது. முப்பத்தைந்து மடங்குதான் முன்னேற்றம். லட்சம் எங்கே, முப்பத்தைந்து எங்கே! தட்டுக்கும் கரத்துக்கும் எடையுண்டு; எடையுள்ள பொருளை ஓரளவுக்கு மேல் விரட்ட இயலாது. கணினியைத் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது தேடிப் படிக்கிறது. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் கோப்புகளாயின், வன்தட்டால் ஒரு நொடியில் அறுபதைப் பற்றுவதே அரிது. நம் மடிக்கணினி திறப்பதற்குள் காப்பி ஆறிப்போவதன் இரகசியம் இதுதான். பழுது மூளையில் இல்லை. தேடும் கையில் இருக்கிறது.

அசையா மரபு இதற்கிடையே வேறொரு வடிவில் வளர்ந்து வந்தது. சிலிக்கானுக்குள் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து நினைவாக வைக்கலாம் என்னும் கருத்தை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தாவோன் காங், சைமன் சே ஆகிய இருவர் வெளியிட்டனர். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோக்கா அவ்வழியில் மேலும் சென்று, பெருந்தொகுதியை ஒரே வீச்சில் அழிக்கக்கூடிய நினைவகத்தை 1984இல் உலகறியச் செய்தார். அழியும் விரைவு புகைப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால் அதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர் வந்தது. இன்றைய சேமிப்பகங்களுக்கு அடிப்படையான நாண்ட் வகை 1987இல் வெளிவந்தது. 1991இல், பின்னாளில் சான்டிஸ்க் எனப் பெயர் மாறிய நிறுவனம், 20 மெகாபைட் கொள்ளும் சில்லுச் சேமிப்பகத்தை ஐ.பி.எம். மடிக்கணினிக்காக அளித்தது, விலை ஏறத்தாழ 1000 டாலர்! 2008இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யின் விலையும் 595 டாலராக இருந்தது. அன்று சுழலும் தட்டைக் காத்தது அதன் மலிவே. அதன்பின் சில்லின் விலை பெரிதும் இறங்க, அது நம்போன்றோர் கைக்கும் எட்டியது.

இனி நம் கேள்விக்கு வருவோம். எஸ்.எஸ்.டி.யில் ஒரு கோப்பைப் பற்ற ஆகும் நேரம் ஏறத்தாழ மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு. ஆகையால் பழைய மடிக்கணினிக்கு நாம் செய்யக்கூடிய உபகாரங்களில் இதுவே தலையாயது. இயங்குதளமும் அன்றாட வேலையும் எஸ்.எஸ்.டி.யிலேயே இருக்கட்டும், 256 ஜிகாபைட் பெரும்பாலோர்க்குப் போதும். 2003க்குப் பின் பரவிய சாட்டா இணைப்பு மடிக்கணினியில் உள்ளதா என்பதைக் கடையில் முதலில் கேட்டறிய வேண்டும். அந்த இணைப்பு பழைய தலைமுறையினதாயின் பெருங்கோப்புகளைப் பெயர்க்கும் உச்ச வேகம் குறையும். ஆயினும் சிறு கோப்புகளைத் தேடும் விரைவில் உள்ள ஆதாயம் பெரும்பாலும் நிலைக்கும். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டபடியால், புதிய பதிப்பை ஏற்காத கணினியில் லினக்ஸை நிறுவுவதும் ஒரு வழி. நாளை அந்த மடிக்கணினியே ஓய்ந்துவிட்டாலும், வாங்கிய எஸ்.எஸ்.டி.யை உறையிலிட்டு யு.எஸ்.பி. வழியே வேறு கணினியில் பயன்படுத்தலாம். போட்ட பணம் வீணாகாது.

அப்படியானால் வன்தட்டுக்கு வேலை முடிந்ததா? இல்லை. ஒரே விலைக்கு மிகுந்த இடம் தருவது இன்றும் அதுவே. எஸ்.எஸ்.டி.க்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு முறை அழித்தெழுதும்போதும் மின்னூட்டத்தைக் காக்கும் மெல்லிய காப்புச் சுவர் சிறிது தேயும். எழுதும் சுமையை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கும் உபாயம் அதனுள்ளேயே இருப்பதால், வீட்டுப் பயனில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறு. நீண்ட காலம் மின்சாரமின்றி, வெப்பமான இடத்தில், பெட்டிக்குள் கிடந்தால் மின்னூட்டம் மெல்லக் கசியும். மேலும் வன்தட்டு பல வேளைகளில் கடகடத்தும் தயங்கியும் முன்னறிவிப்புத் தரும், எஸ்.எஸ்.டி. ஓசையின்றி ஒரு நாள் நின்றுவிடலாம். அதில் அழிந்ததை மீட்பது பெரும்பாலும் இயலாது. வன்தட்டுக்கோ அதிர்ச்சி ஆகாது. ஓடும் ரயிலில் அதை இயக்கிக் குலுக்குவது, தட்டுக்கும் முனைக்கும் இடையேயுள்ள மயிரிழையினும் மிகச் சிறிய இடைவெளியோடு விளையாடுவதாகும்.

எனவே கழற்றிய வன்தட்டை எறிந்துவிடலாகாது. பழுதின்றி இருப்பின், அதை ஓர் உறையிலிட்டு அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை படங்களையும் குரற்பதிவுகளையும் அதில் படி எடுத்து வைப்போமாக. ஓடியாடி உழைப்பதற்குச் சில்லு. அமர்ந்து காப்பதற்குத் தட்டு. அரிய பதிவுகளின் மூன்றாவது படி ஒன்று ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருப்பின் இன்னும் நன்று. ராமாக்கின் தட்டும் டிஃப்ராக்கின் வளையமும் இன்று காட்சிப் பொருள்கள். அவற்றின் வழிவந்த இவையும் ஒரு நாள் அவ்வாறே ஆகும். கருவி மாறலாம்; படி எடுக்கும் பழக்கம் மாறாதிருந்தால், நாம் ஊரைவிட்டு வரும்போது உடன் கொண்டுவந்த முகங்களும் குரல்களும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிட்டும்.